மூன்றாம் ஆண்டு, ஓர் அரியர், நால்வர் படகு: இறங்கிவிடலாமா?

முக்கூடல்காரி | தை 3, இரவு 9.20

எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்துகள். இங்கே வெகுநாளாகப் படித்து வருகிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை. ஊர் நெல்லை மாவட்டத்து முக்கூடல் பக்கம். சென்னையில் விடுதியில் தங்கிப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கல்லூரியின் துடுப்புப் படகு அணியில் இருக்கிறேன். பெண்கள் நால்வர் படகில் மூன்றாம் இருக்கை என்னுடையது.

படகு என்று சொன்னால் ஊரில் எல்லோரும் குற்றாலத்துப் படகு சவாரியை நினைத்துக்கொள்கிறார்கள். ஆகவே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பந்தய தூரம் 2000 மீட்டர். முடிவுக் கோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் துடுப்பு வலிக்க வேண்டும். சுக்கான் பிடிப்பவர் இல்லாத நால்வர் படகு குறைந்தது 50 கிலோ இருக்க வேண்டும் என்பது விதி. அதைத் தோளில் சுமந்துபோய்த் தண்ணீரில் இறக்குவதும் நாங்கள்தான், ஏற்றுவதும் நாங்கள்தான். இருக்கை சக்கரத்தில் உருளும். துடுப்பு தண்ணீரில் பட்டதும் முதலில் கால் தள்ளும், பிறகு முதுகு சாயும், கடைசியில்தான் கை இழுக்கும். முதலாண்டில் பயிற்சியாளர் விடுதிக்கு வந்து உயரத்தையும் கை நீளத்தையும் அளந்தார், நீச்சல் தெரியுமா என்று கேட்டார். முத்துமாலை அம்மன் கோவில் படித்துறையில் ஆற்றை எதிர்த்து நீந்தி வளர்ந்தவள் நான். அன்று தொடங்கியது.

இனி என் பிரச்சினை. காலை 4.15க்கு எழுந்தால் 5.30க்குத் தண்ணீரில் இருப்போம். 8 மணிக்கு விடுதி, 8.45க்கு வகுப்பு. மாலை 5 முதல் 7 வரை எடைப்பயிற்சி அல்லது எர்கோமீட்டர் (கரையில் துடுப்பு வலிக்கும் இயந்திரம்). இரவு 8 மணிக்குப் புத்தகத்தைத் திறந்தால் ஒரே வரியை மூன்று முறை படிக்கிறேன். சென்ற பருவத்தில் முகாமும் போட்டியுமாக 19 நாள் ஓ.டி. (ஆன் டூட்டி: வகுப்பில் இல்லாவிட்டாலும் வருகை உண்டு). மூன்றாம் பருவக் கணக்குத் தாளில் முன்பே ஓர் அரியர் இருந்தது. நவம்பரில் மறுபடி எழுதினேன். பொங்கலுக்கு முந்தைய வாரம் முடிவு வந்தது. மறுபடியும் போய்விட்டது.

அடுத்த பருவத்தில் வளாக நேர்காணல்கள் தொடங்கும். நிலுவையில் அரியர் இருந்தால் பல நிறுவனங்கள் உள்ளேயே விடுவதில்லை. துறையில் ஓர் ஆசிரியர் எல்லோர் முன்னிலையிலும் “விளையாட்டா, படிப்பா, ஒன்றைச் சொல்லிவிடு” என்றார். பயிற்சியாளரோ மார்ச்சில் மூன்று வார முகாம் என்கிறார். அதோடு, 61 கிலோவிலிருந்து இறங்கி எடை குறைந்தோர் பிரிவுக்கு வரலாமே என்றும் கேட்கிறார். ஒற்றைப் படகு என்றால் நானே முடிவெடுத்துவிடுவேன். நால்வர் படகில் ஓர் இருக்கை காலியானால் மற்ற மூன்று பேரும் கரையில்தான் உட்கார வேண்டும்.

இறங்கிவிடலாமா? வெறும் ஆறுதல் வேண்டாம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


வண்ணார்பேட்டை அண்ணாச்சி | தை 3, இரவு 10.05

பாப்பா, நான் சொல்வது கசப்பாக இருக்கும். இறங்கிவிடு.

எனக்குக் கடை வியாபாரம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஆறு கடைக்குள் வந்தது. பருப்பு மூட்டை, சீனி மூட்டை எல்லாம் சேற்றோடு போயின. அடுத்த ஆறு மாதம் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது என் மூத்த மகளின் சம்பளத்தில். அவளுக்கு அந்த வேலையைக் கொடுத்தது அவளுடைய பட்டம். அதற்கு முன் நான் அவளிடம் “கையெழுத்துப் போடத் தெரிந்தால் போதாதா” என்று ஒரு நாள் சொல்லியிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு சுடுகிறது.

விளையாட்டை நான் தாழ்த்திப் பேசவில்லை. கபடி என்றால் நம் பக்கத்தில் பத்து ஊர் சேர்ந்து நிற்கும். ஹாக்கி என்றால் கோவில்பட்டி இருக்கிறது. இந்தப் படகுக்கு நம் ஜில்லாவில் ஆதரவாக நிற்க யார் இருக்கிறார்கள்? உனக்கு அடிபட்டால் யார் கேட்பார்கள்? இரண்டு வருடம் ஓட்டினாய், அது உன் பெருமை. அதை யாரும் பறிக்க முடியாது. இனி அந்தக் கணக்குத் தாளை முடி.


கோவில்பட்டி இடதுமுனை | தை 4, காலை 6.15

அண்ணாச்சி சொல்வதில் ஞாயம் இருக்கிறது. ஆனாலும் அவர் சொன்ன எங்கள் ஊர்க்காரனாக இதற்கு மறுப்பு எழுத வேண்டியிருக்கிறது.

2022 ஆசியக் கோப்பை ஹாக்கியில் இந்தியாவுக்கு ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் எங்கள் ஊர்ப் பிள்ளை. அதே அணியில் ஆடிய கார்த்தி செல்வம் அரியலூரிலிருந்து வந்து எங்கள் ஊர் மைதானத்தில் பயின்றவர். அந்த இருவருக்குப் பின்னால் ஆடிய நூறு பேரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. நான் அந்த நூறில் ஒருவன். பல்கலைக்கழக அணி வரை போனேன், அதற்கு மேல் முழங்கால் விடவில்லை. இன்று விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த ரயில்வே வேலையில் இருக்கிறேன். தமிழக அரசுப் பணியிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. அதற்கு எந்தப் போட்டி, எந்த இடம் என்று வரையறை இருக்கிறது. பயிற்சியாளர் வாய்வார்த்தையை நம்பாமல் அரசாணையை நீயே வாசி. ஒவ்வொரு போட்டிச் சான்றிதழையும் இரண்டு நகல் எடுத்து ஊரில் ஒன்று வை. என் சான்றிதழ் ஒன்று விடுதி மாற்றும்போது தொலைந்து, அதைத் திரும்ப வாங்க ஒன்றரை வருடம் அலைந்தேன்.

தங்கச்சி, நான் செய்த பெரிய தவறு வேறு. ஓ.டி. கிடைத்துவிட்டது என்றால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பினேன். ஓ.டி. வருகைப்பதிவைத் தரும், நடந்த பாடத்தைத் தராது. 75 விழுக்காட்டுக்கு மேல் வருகை வைத்துக்கொண்டே நான் மூன்று தாளில் தோற்றேன். போட்டிக்குப் போய் வந்தபின் “சார், என்ன நடத்தினீர்கள்” என்று கேட்டால் எந்த ஆசிரியருக்கும் எரிச்சல் வரும். போவதற்கு முந்தைய வாரமே போய், “இந்த 6 நாள் இருக்க மாட்டேன், எந்தப் பாடம் நடத்துவீர்கள், எதைப் படித்துக்கொண்டு வரட்டும்” என்று கேட்டிருந்தால் பாதிப் பேராவது உதவியிருப்பார்கள். இதை நான் கடைசிப் பருவத்தில்தான் கற்றேன். எல்லோர் முன்னாலும் உன்னைக் கேட்டாரே, அந்த ஆசிரியரிடமும் தனியாகப் போய்க் கேட்டுப் பார்.

இறங்க வேண்டாம். எந்த நாளில் எங்கே இருப்பாய் என்பதை எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்.


தென்காசித் துடுப்பு | தை 4, காலை 11.40

இந்தத் தலைப்பை நெல்லைக்காரர்கள் நடுவில் பார்ப்பேன் என்று நினைத்ததே இல்லை. நான் ஆலப்புழையில் நான்கு வருடம் துடுப்பு வலித்தவன். பாலருவி ரயிலில் இரவில் ஏறி, காயங்குளத்தில் இறங்கி, வண்டி மாறிப் போவேன். எழுத நிறைய இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அண்ணாச்சிக்கு. நம் ஊரில் இதற்கு ஆதரவு இல்லை என்பது உண்மை. ஆனால் இந்தியத் துடுப்பு வரலாற்றில் பெரிய பெயர்கள் தண்ணீர் கொழித்த ஊரிலிருந்து மட்டும் வரவில்லை. 2010 குவாங்சூ ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்குத் துடுப்பில் முதல் தங்கம் வாங்கிய பஜ்ரங் லால் தாகர் ராஜஸ்தான்காரர். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஒற்றைப் படகில் 13ஆம் இடம் பிடித்த தத்து போகனல், நாசிக் மாவட்டத்தில் வறட்சி தாக்கிய ஒரு கிராமத்தில் கிணறு வெட்டும் வேலை செய்தவர். இருவரும் ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான் துடுப்பைத் தொட்டார்கள். வற்றாத பொருநைக் கரையில் பிறந்த பெண்ணுக்கு இது ஏன் அந்நியமாக வேண்டும்?

ஆனால் தங்கச்சி, அவர்களுக்குத் துடுப்பே வேலையாக இருந்தது. மாதச் சம்பளம், சாப்பாடு, ஓய்வு எல்லாம் ராணுவம் கொடுத்தது. நீ மாணவி. அவர்களுடைய பயிற்சி அட்டவணையை அப்படியே எடுத்து உன் மேல் ஏற்றினால் உடம்பு தாங்கினாலும் படிப்பு தாங்காது. என் காலத்தில் எங்கள் கல்லூரி அணியில் இதைத்தான் செய்தார்கள். நான் ஒரு வருடம் பின்தங்கியதற்கு அதுவும் காரணம்.

நீ எழுதிய நாள்கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். 4.15க்கு எழுகிறாய். எத்தனை மணிக்குத் தூங்குகிறாய் என்று எழுதவில்லை. 11.30 என்று வைத்தால் ஐந்து மணி நேரத்துக்கும் குறைவு. நேரம் போதவில்லை என்று நீ நினைக்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உன்னிடம் இரவு 8 முதல் 11.30 வரை மூன்றரை மணி நேரம் இருக்கிறது, ஆனால் அந்த மூன்றரை மணி நேரத்தில் படிக்கும் ஆள் இல்லை. அவள் மாலை எர்கோமீட்டரிலேயே தீர்ந்துபோனாள்.

படகில் ஒரு சங்கதி உண்டு. வெளியில் இருப்பவர்கள் நம்ப மாட்டார்கள். துடுப்பு தண்ணீரை இழுத்துக்கொண்டிருக்கும்போது படகு அதன் உச்ச வேகத்தில் இருப்பதில்லை. துடுப்பை வெளியே எடுத்த பிறகு, எல்லோரும் இருக்கையை உருட்டிக்கொண்டு அடுத்த வலிப்புக்கு, அதாவது துடுப்பின் அடுத்த இழுப்புக்கு, வரும்போதுதான் படகு மிக வேகமாக வழுக்கி ஓடும். அந்த நேரத்தில் அவசரப்பட்டு இருக்கையை இடித்தாற்போல் உருட்டினால் படகு தடுக்கும். உனக்கு இது தெரியும், தினமும் காதில் விழும் திட்டுதான். படிப்பும் அப்படித்தான், ஓய்வு இருந்தால்தான் ஓடும். இரவு 9.30க்கு விளக்கை அணைத்துத் தூங்கு. கணக்கை 8 முதல் 9.15 வரை மட்டும் போடு. மாலைப் பயிற்சியில் வாரத்துக்கு இரண்டு நாளைக் குறைத்துக்கொள்ளப் பயிற்சியாளரிடம் பேசு. இரண்டு மாதத்தில் எர்கோமீட்டரிலும் உன் நேரம் குறையும் என்று என் அனுபவத்தில் சொல்கிறேன்.


தூத்துக்குடி வேலர் | தை 4, மாலை 3.10

நான் என்.சி.சி. கடற்படைப் பிரிவில் வேலர் படகு வலித்தவன். 27 அடிப் படகு, ஐந்து துடுப்பு. உங்கள் ஊசிப் படகுக்கு முன் அது கட்டைவண்டி. ஆனால் உப்புக்காற்றில் கொப்புளம் உடைந்த கையோடு ஆய்வகப் பதிவேடு எழுதிய வேதனை இரண்டுக்கும் பொதுதான். நாங்கள் கண்ட வழி ஒன்று: முகாமுக்குப் போகாத வகுப்புத் தோழி ஒருத்தியிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துக் குறிப்பேட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அன்றன்றைக்கே படியுங்கள். ஊர் திரும்பியபின் மொத்தமாகப் பார்க்கலாம் என்று வைத்தால் முடியாது.


முக்கூடல்காரி | தை 4, இரவு 8.50

எல்லோருக்கும் நன்றி. தென்காசி அண்ணன் எழுதியதைப் படித்ததும் தொண்டை அடைத்தது. தூங்குவது 12 மணிக்கு. நீங்கள் போட்ட கணக்கைவிட மோசம்.

இன்று மத்தியானம் நடந்ததைச் சொல்கிறேன். என் அம்மாவும் ஆச்சியும் பீடி சுற்றுகிறார்கள். எங்கள் தெருவில் பாதி வீட்டில் அதுதான் வேலை. திண்ணையில் சுளகை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த ஆச்சி, என் கையைப் பிடித்துத் திருப்பினாள். ஒவ்வொரு விரலும் உள்ளங்கையோடு சேருமிடத்தில் எனக்குக் காய்ப்பு. நான்கு விரலுக்கு நான்கு மேடு, மஞ்சளாக, விளிம்பில் தோல் உரிந்திருக்கும். மோதிர விரலுக்குக் கீழே ஒன்று வெடித்து ஆறிக்கொண்டிருந்தது. ஆச்சி தன் கையை அதன் பக்கத்தில் வைத்தாள். அவளுக்குக் காய்ப்பு வேறு இடத்தில். கத்தரியின் வளையம் அழுந்தும் கட்டைவிரல் கணுவில் ஒரு கறுத்த தடிப்பு. தூளை உள்ளே தள்ளி நுனியை மடக்கும் ஆட்காட்டி விரலில் ரேகையே தெரியவில்லை. “இது அறுபது வருசத்துக் காய்ப்பு, உனக்கு மூணு வருசத்துலயே இம்புட்டா” என்று கேட்டாள். பிறகு, “இது கூலிக்கா, ஆசைக்கா?” என்றாள். ஆசைக்கு என்றேன். “அப்ப விடாத” என்றாள். உள்ளே இருந்த அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. “ஆசைக்குக் காய்ச்ச கையை எவன் கட்டுவான்” என்றாள். இரண்டு பேர் சொன்னதும் என்னோடு இருக்கிறது.

அம்மா ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி சுற்றுகிறாள். எப்படி முடிகிறது என்று இந்த முறைதான் உட்கார்ந்து கவனித்தேன். இரவே இலையை நனைத்து ஈரச் சாக்கில் பொதிந்துவைக்கிறாள். விடிந்ததும் முதலில் வெட்டு மட்டும். வெட்டி முடிந்தபின்தான் தூளைத் தொடுகிறாள். நடுவில் எழுந்து எதையும் தேடுவதில்லை. நானோ புத்தகத்தைத் திறந்தபிறகு எந்தப் பாடம் என்று யோசிக்கிறேன், எந்தக் கணக்கு என்று புரட்டுகிறேன், குறிப்பேடு யாரிடம் இருக்கிறது என்று போன் செய்கிறேன். அதற்குள் கண் சொருகிவிடுகிறது. என் இலை நனைத்தே வைக்கப்படவில்லை.

ஒன்று விட்டுப்போயிற்று. எடைப்பிரிவைப் பற்றி யாராவது சொல்லுங்கள்.


சேரன்மகாதேவி செவிலி | தை 5, காலை 5.50

இரவுப் பணி முடிந்து வந்து எழுதுகிறேன். துடுப்பைப் பற்றி எனக்குத் தெரியாது. இருபது வயதுப் பெண் உடம்பைப் பற்றித் தெரியும்.

எடை குறைந்தோர் பிரிவில் பெண்களுக்கு எவ்வளவு என்று என் மகளைத் தேடச் சொன்னேன். ஒருவருக்கு மேல்வரம்பு 59 கிலோ, படகின் சராசரி 57 என்கிறாள். 61 கிலோவில், கொழுப்பு அதிகம் இல்லாமல் பயிற்சியில் இருக்கும் பெண் நான்கு கிலோவை எங்கிருந்து எடுப்பாள்? சோற்றிலிருந்துதான் எடுப்பாள். செலவழிக்கும் சக்திக்கு ஈடாகச் சாப்பிடாவிட்டால் உடம்பு முதலில் மாதவிலக்கை நிறுத்தும், பிறகு எலும்பைத் தின்னும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியே 2014இல் இதைத் தனிக் குறைபாடாக எழுதி வைத்திருக்கிறது. விளையாடும் பெண்ணுக்கு மூன்று மாதம் தொடர்ந்து தள்ளிப்போனால் “பயிற்சியில் இப்படித்தான்” என்று விடக் கூடாது, மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஹீமோகுளோபினை வருடத்துக்கு ஒரு முறையாவது பார். நம் பக்கத்துப் பெண்களில் இரத்தச்சோகை எவ்வளவு என்பதை வார்டில் தினமும் பார்க்கிறேன். இரும்புச்சத்து குறைந்த பிள்ளையும் ஒரே வரியை மூன்று முறைதான் படிக்கும், மகளே. நீ அதைச் சோம்பல் என்று எண்ணி உன்னையே திட்டிக்கொண்டிருக்கலாம்.

காலை 5.30க்குத் தண்ணீரில் இறங்கு முன் எதையாவது சாப்பிடுகிறாயா? ஒரு வாழைப்பழமும் நாலு பேரீச்சம்பழமும் பையில் வைக்க எந்த விடுதியும் தடை சொல்லாது. நீ நம் ஊரில் இருக்கும்வரை உன் அம்மாவிடம் உளுந்தங்களி கேள்.


தென்காசித் துடுப்பு | தை 5, காலை 9.05

செவிலி அக்கா சொன்னதற்குமேல் ஒரு தகவல். ஒலிம்பிக்கில் எடை குறைந்தோர் துடுப்புப் போட்டி 2024 பாரிஸோடு முடிந்துவிட்டது. 2028 லாஸ் ஏஞ்சலஸில் அது கிடையாது, கடற்கரைத் துடுப்புதான் புதிதாக வருகிறது. போகும் வழியே அடைபடும்போது அதற்காக உடம்பை வற்றவைக்காதே. 61 கிலோவில் இருந்து பலத்தைக் கூட்டு.


பாளை கணக்கு வாத்தியார் | தை 5, மத்தியானம் 12.30

முப்பத்திரண்டு வருடம் பாளையங்கோட்டையில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவன். இந்த இழையைக் காலையிலிருந்து இரண்டு முறை படித்தேன். மகளே, மூன்றாம் பருவக் கணக்கு என்றால் ஃபூரியர் தொடர் இருக்குமே? அதில்தானே விழுந்தாய்? பெரும்பாலும் அங்கேதான் விழுவார்கள்.

தென்காசித் தம்பி எழுதிய ஒரு வரி என்னை எழுந்து உட்காரவைத்தது. ஒரு வலிப்புக்குள் படகின் வேகம் கூடியும் குறைந்தும் போகிறது என்கிறார். நிமிடத்துக்கு 30 வலிப்பு என்று வைத்துக்கொள்வோம். 2 நொடிக்கு ஒரு முறை அதே ஏற்றம், அதே இறக்கம். இதற்குத்தான் காலமுறைச் சார்பு என்று பெயர். அதை ஒரு சராசரியாகவும் சைன், கோசைன் அலைகளாகவும் பிரித்து எழுதுவதுதான் ஃபூரியர் தொடர். நீ மனப்பாடம் செய்து மறந்துபோகும் அந்தச் சூத்திரத்தின் மேலேயே தினமும் காலையில் உட்கார்ந்திருக்கிறாய்.

இப்போது உன் படகை எடுப்போம். 2000 மீட்டரை 8 நிமிடத்தில் கடந்தால் நொடிக்கு 4.17 மீட்டர். 240 வலிப்பு. வலிப்புக்கு 8.3 மீட்டர். இந்தச் சராசரி வேகம்தான் ஃபூரியர் தொடரின் முதல் உறுப்பு. பந்தயத்தில் கடிகாரம் அதை மட்டுமே பார்க்கும். பின்னால் வரும் சைன், கோசைன் உறுப்புகள் எல்லாம் ஒரு வலிப்புக்குள் நடக்கும் ஏற்ற இறக்கம். அவை சராசரிக்கு ஒன்றும் சேர்ப்பதில்லை, முழுச் சுற்றுக்குக் கூட்டினால் 0. அப்படியானால் அவற்றால் நட்டம் உண்டா?

உண்டு. தண்ணீரின் தடை ஏறக்குறைய வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். அதை வெல்லச் செலவாகும் திறன் வேகத்தின் கனத்துக்கு ஏற்பக் கூடும். வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்ட வேண்டுமானால் திறன் 33 விழுக்காடு கூட வேண்டும்: 1.1ஐ மூன்று முறை பெருக்கினால் 1.331. இதிலிருந்து உனக்கு ஒரு வீட்டுக்கணக்கு. சராசரி வேகத்தை 1 என்று வை. அதன்மேல் 0.2 மடங்கு கோசைன் ஏற்ற இறக்கத்தைச் சேர். அந்தக் கூட்டுத்தொகையின் கனத்தை எடுத்து ஒரு முழுச் சுற்றுக்குச் சராசரி காண். சீராக ஓடும் படகைவிட இந்தப் படகுக்கு எத்தனை விழுக்காடு திறன் கூடுதலாக வேண்டும்? விடையை எழுதும்போது ஒவ்வோர் உறுப்பும் ஏன் நிற்கிறது, ஏன் மறைகிறது என்று காரணம் காட்டி எழுது. சூத்திரத்தைப் பார்க்காதே.

வண்ணார்பேட்டை நண்பருக்கு ஒரு வார்த்தை: உங்கள் மகள் கதையைப் படித்துக் கண் கலங்கினேன். ஆனால் இந்தப் பெண் படகை விட்டுவிட்டால் கணக்கு தானாக வந்துவிடும் என்பது என் அனுபவத்தில் இல்லை. விளையாட்டை விடச்சொல்லிப் பெற்றோர் அழைத்துவந்த பிள்ளைகள் பலரைப் பார்த்திருக்கிறேன். மிச்சமான நேரம் எங்கே போனது என்று அவர்களுக்கே தெரியாது.


வண்ணார்பேட்டை அண்ணாச்சி | தை 5, இரவு 7.45

வாத்தியாரையா, உங்கள் கணக்கு எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். தூக்கம், சாப்பாடு, முன்கூட்டிச் சொல்வது என்று எல்லோரும் நல்லதைச் சொல்கிறீர்கள். மார்ச்சில் மூன்று வாரம் முகாம் என்றாளே, அதற்கு யாராவது பதில் சொன்னீர்களா? மே மாதம் தேர்வு. மூன்று வாரம் போனால் போனதுதான். கடையில் நாள் ஒன்றுக்கு இரண்டு ரூபாய் நட்டம் என்றால் ஈடு கட்டலாம், மூன்று வாரம் கதவை அடைத்தால் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விடுவார். இதற்கு முடிவு தெரியாமல் என் வார்த்தையை நான் திரும்ப எடுக்க மாட்டேன்.


கோவில்பட்டி இடதுமுனை | தை 5, இரவு 9.30

அண்ணாச்சி கேட்டது சரியான கேள்வி. எனக்குத் தோன்றுவது: அந்த முகாமுக்குப் போகாதே. அந்த மூன்று வாரத்துக்கு உன் இருக்கையில் இளையவள் ஒருத்தியை உட்காரவைக்கச் சொல். அணி என்றால் பதினொரு பேர் மட்டும் இல்லை, வெளியே காத்திருப்பவர்களும் அணிதான். ஆனால் இதை இப்போதே சொல்ல வேண்டும். பிப்ரவரி கடைசியில் சொன்னால் அது துரோகம்.


முக்கூடல்காரி | தை 7, மாலை 4.40

இரண்டு நாளாக எழுதவில்லை. எழுதும்படி ஏதாவது நடந்தபிறகு வரலாம் என்று இருந்தேன்.

நேற்று ஸ்ட்ரோக் இருக்கைத் தோழிக்குப் போன் செய்தேன். படகின் தாளத்தை வைப்பவள் அவள்தான், அவள் முதுகுக்குப் பின்னால்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன். மார்ச் முகாமுக்கு வரமாட்டேன் என்று சொன்னேன். சொல்லும்போது ஆற்றுப்பாலத்தில் நின்றுகொண்டிருந்தேன், கால் நடுங்கியது. அவள் பேசவே இல்லை. கோபம் என்று நினைத்தேன். பிறகு, “எனக்கு இரண்டு அரியர் இருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை” என்றாள். இரண்டு வருடமாக அவள் முதுகு அசைவதைப் பார்த்தே என் மூச்சை வைத்திருக்கிறேன். இது எனக்குத் தெரியாது. இரவு நான்கு பேரும் பேசினோம். முனை இருக்கைக்காரிக்கும் ஒன்று இருக்கிறது. எல்லோரும் மற்ற மூன்று பேருக்காக வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறோம்.

இன்று காலை நால்வருமாகப் பயிற்சியாளரிடம் பேசினோம். மூன்று வாரத்தை அவர் ஒரேயடியாக விடவில்லை. மார்ச்சில் உள்மதிப்பீட்டுத் தேர்வு வரும் வாரத்தில் எங்களுக்கு முகாம் இல்லை, மற்ற இரண்டு வாரம் காலையில் மட்டும் தண்ணீர், அதுவும் விடுதியிலிருந்தே போய்வருவது என்று ஒத்துக்கொண்டார். நான் கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. அண்ணாச்சி, உங்கள் கேள்விக்கு இதுதான் என்னால் வாங்க முடிந்த பதில். எடையைப் பற்றி, இறங்க மாட்டேன் என்றேன். “சரி, அப்படியானால் எர்கோமீட்டரில் காட்டு” என்றார். அது ஞாயமான பேச்சு.

துறை ஆசிரியருக்கு எழுத வேண்டிய கடிதத்தை எழுதி வைத்திருக்கிறேன். இந்தப் பருவத்தில் இருக்க மாட்டேன் என்று எனக்கு இப்போதே தெரிந்த 7 நாளும் தேதியோடு அதில் இருக்கிறது. நேரில் கொடுக்கப் பயமாக இருக்கிறது, ஆனால் கொடுத்துவிடுவேன்.

செவிலி அக்கா, ஊர் ஆய்வகத்தில் இரத்தம் கொடுத்தேன். ஹீமோகுளோபின் 9.8. மாத்திரை தொடங்கியாயிற்று. அம்மா உளுந்தங்களி கிண்டி, நல்லெண்ணெய் ஊற்றி, நான் தின்று முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வாத்தியார் ஐயாவுக்கு விடை. கனத்தை விரித்தால் நான்கு உறுப்பு வருகிறது: 1, பிறகு 0.6 கோசைன், 0.12 கோசைன் வர்க்கம், 0.008 கோசைன் கனம். முழுச் சுற்றுக்குச் சராசரி எடுத்தால் 1 அப்படியே நிற்கும். கோசைன் 0 ஆகும், ஏனென்றால் மேலே போன அளவு கீழேயும் வருகிறது. கோசைன் வர்க்கம் ஒருபோதும் குறையெண் ஆகாது, அதன் சராசரி அரை. ஆக 0.06. கோசைன் கனம் 0. மொத்தம் 1.06. ஆறு விழுக்காடு கூடுதல் திறன். சூத்திரத்தைப் பார்க்கவில்லை. திண்ணையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து போட்டேன், ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. இருக்கையை இடித்து உருட்டாதே என்று தினமும் திட்டு வாங்கியது எதற்காக என்று இப்போது எண்ணால் தெரிகிறது.


பாளை கணக்கு வாத்தியார் | தை 7, மாலை 5.15

ஆறு விழுக்காடு சரி. ஆனால் கோசைன் கனம் 0 என்று எழுதிக் காரணத்தை விட்டுவிட்டாய். தேர்வில் அந்த இடத்தில் இரண்டு மதிப்பெண் போகும்.


முக்கூடல்காரி | தை 7, மாலை 5.50

ஐயா, அரைச் சுற்றுத் தள்ளிப் பார்த்தால் கோசைனின் குறி மாறும். குறையெண்ணைக் கனமாக்கினாலும் குறி அப்படியே இருக்கும். ஆகவே முதல் அரைச் சுற்றில் கூட்டியதை அடுத்த அரைச் சுற்று கழித்துவிடுகிறது. வர்க்கத்தில் குறி மாறாது, அதனால்தான் அது மட்டும் தங்குகிறது.

ஜங்ஷனுக்கு 6.15 பஸ். இரவு நெல்லை எக்ஸ்பிரஸ். அம்மா நாளைக்கு இலையை நனைத்துக்கொண்டிருக்கிறாள். நானும் நாளை இரவுக்கான மூன்று கணக்கைத் தனித் தாளில் எழுதிப் பையின் மேலறையில் வைத்துவிட்டேன். ரயிலில் அதைத் தொட மாட்டேன். ஏறியதும் தூக்கம்.